மரப்பெட்டிப் பாம்புக்குச் சூடு: கோளாறு எது, எங்கே பார்ப்பது

மூணாறில் டிசம்பர் பிறந்ததும் என் கடைக்குப் பாம்பு போன்கள் வர ஆரம்பித்துவிடும். நான் மோட்டார் காயில் சுற்றுகிறவன், வீட்டில் ஆறு வருடமாக ஒரு பால் பைதான் (பந்துபோலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்ததால் வண்டிப்பெரியார், குமுளி, நீலகிரிக் கூடலூர், வால்பாறை என்று மலைப்பக்கம் பாம்பு வளர்க்கும் நம் ஆட்கள் ஹீட்டர் விஷயம் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஹீட்டர் வாங்கட்டும்?" பதிலுக்கு நானும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இப்போது என்ன கோளாறு, உள்ளே எத்தனை டிகிரி? பெரும்பாலும் டிகிரி தெரியாது. ஆகையால் கோளாறை வைத்தே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே நேராகப் போய்ப் படியுங்கள்.

அதற்கு முன்னால் சட்டம். தோட்டத்திலோ லயத்துப் பக்கமோ பிடித்த நம் ஊர்ப் பாம்பு எதையும், குட்டி மலைப்பாம்பு உட்பட, வீட்டில் வைக்கக்கூடாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கேரளப் பக்கம் பாம்பு வீட்டுக்குள் வந்தால் வனத்துறையின் சர்ப்பா ஆப் இருக்கிறது, அதில் சொன்னால் பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து எடுத்துப்போவார்கள். பால் பைதான் ஆப்பிரிக்கப் பாம்புதான், ஆனாலும் அது சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஆட்கள் வளர்க்கும் இன்னொரு வெளிநாட்டுப் பாம்பான கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, அளவு. பால் பைதானுக்குச் சூடான பக்கத்தில் காற்று 30, 31 டிகிரி, ஹீட்டருக்கு நேர் கீழே தரை 32, 33, குளிர்ந்த பக்கம் 25லிருந்து 27, ராத்திரி எந்த மூலையும் 24க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்தது, கொஞ்சம் குளிர் தாங்கும். அதற்குச் சூடான பக்கம் 29, 30, குளிர்ந்த பக்கம் 22லிருந்து 24, ராத்திரி 20 வரை இறங்கலாம். இதை அளக்க ஒயர் நுனியில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஆளுக்கொரு பக்கம் பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். சுவரில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் அந்தச் சுவரின் சூட்டைத்தான் காட்டும், அதையும் ஒழுங்காகக் காட்டாது. தரைச் சூட்டைப் பார்க்க நெற்றியில் காட்டும் காய்ச்சல் மீட்டர் ஆகாது, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் கன் வேண்டும்.

"ஹீட் மேட் கொதிக்கிறது, பெட்டிக்குள் குளிர்கிறது"

முதல் குளிர்காலத்தில் நான் செய்த அதே தப்பு. ஹீட் மேட்டை, அதாவது கரண்டில் சுடும் தட்டைப் பாயை, பெட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லி எல்லா வீடியோவிலும் காட்டினார்கள், நானும் மேசைக்கும் பெட்டிக்கும் நடுவே செருகினேன். அவர்களுடையது கண்ணாடித் தொட்டி, என்னுடையது போடியில் செய்து வாங்கிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டி, அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. மூன்று நாள் கழித்து உள்ளே கை வைத்தால் 21 டிகிரி, பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் கல்லுபோலச் சுருண்டு கிடக்கிறது. பெட்டியைத் தூக்கினால் மேட் இருந்த இடத்தில் மேசையின் மேல் சன்மைக்கா பழுத்த மாம்பழ நிறத்துக்கு மாறி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்பளித்திருந்தது, பெட்டியின் அடிப்பலகையிலும் அதே அளவில் ஒரு பழுப்புத் திட்டு. இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிளைவுட் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும், போதாததற்குக் கண்ணாடியைவிடத் தடிமனும் அதிகம். அடியில் வைத்த மேட்டின் சூடு மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கித் தேங்கி ஏறும். மரப்பெட்டியில் வரும் முக்கால்வாசிச் சிக்கலுக்கு வேர் இதுதான்: மரம் வெளிச் சூட்டை உள்ளே விடாது, உள்ளே பிறந்த சூட்டையும் சீக்கிரம் வெளியே விடாது. அதனால் ஹீட்டர் பெட்டிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், முடிந்தவரை மேலிருந்து கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், அதன் கடிவாளம் ஒரு தெர்மோஸ்டாட்டின் (வைத்த டிகிரி வந்ததும் ஹீட்டரை நிறுத்தி, இறங்கினால் மறுபடி ஓட்டும் கருவி) கையில் இருக்க வேண்டும்.

மேட்டை விடவே மனசில்லை என்றால் பெட்டிக்குள் பக்கச் சுவரிலோ தரையிலோ வைத்து, மேலே ஒரு பீங்கான் டைல் போட்டு, தெர்மோஸ்டாட்டின் சென்சாரை டைலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒட்டிவிடுங்கள். கார்ன் ஸ்னேக் குட்டிக்கு ஊரும் இதமாக இருந்தால் அதுவே போதும். மலையில் போதாது. மேட் தொட்ட இடத்தைத்தான் சுடவைக்கும், காற்றை ஏற்றாது. ஜனவரி ராத்திரியில் என் அறை 11, 12 டிகிரிக்கு இறங்கும், வெளியே சில எஸ்டேட்டுகளில் புல்லில் உறைபனியே படியும். அந்தக் குளிரில் வயிறு மட்டும் சூடாகி, மூச்சில் போகும் காற்று ஜில்லென்று இருந்தால் பாம்புக்குச் சளி பிடிப்பது நிச்சயம்.

"அப்படியென்றால் எதை மாட்டுவது?"

இது கோளாறு இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. மரப்பெட்டிக்கு என் முதல் தேர்வு ரேடியன்ட் ஹீட் பேனல், அதாவது கூரைப் பலகையின் உள்பக்கம் திருகி மாட்டும் தட்டையான பலகை. மேலே மாட்டும் ஹீட்டர்களிலேயே இதன் மேற்பரப்புச் சூடு குறைவு, வெளிச்சம் கிடையாது, பாம்பு சுற்றிக்கொள்ள இதில் பிடிமானமும் இல்லை. விலை கடிக்கும், நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கவும் செய்யாது. வெளியிலிருந்து வரவழைத்தால் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் சரக்கை நம் 230இல் சொருகினால் 60 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 220 வாட் இழுக்கும், சில நிமிடத்தில் கருகிவிடும். என் மேசைக்கு இப்படி ஒன்று கருகி வந்தது.

அடுத்தது செராமிக் ஹீட்டர், பல்பு மாதிரித் திருகி மாட்டும் பீங்கான் உருண்டை. வெளிச்சமில்லை, நான்கைந்து வருடம் உழைக்கும், கோழிக்குஞ்சுக்காரர்களும் வாங்குவதால் தேனி, கோயம்புத்தூர் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது. என் பெட்டியில் இருப்பது இதுதான். டீப் ஹீட் புரொஜெக்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. செராமிக்கைவிட அதன் சூடு தோலைத் தாண்டிச் சதைக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்கும். காசு இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஹாலஜன் பகலுக்கு அருமை, வெயில் மாதிரியே சுடும், ஆனால் அதன் வெளிச்சம் ராத்திரிக்கு ஆகாது. சிவப்பு பல்பு பாம்புக்குத் தெரியாது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள், ராத்திரி இருட்டாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே கரண்டு ஓடும் சூட்டுக்கல் என்று விற்பதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், பாம்பின் வயிற்றைச் சுட்டெடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது.

செராமிக்கை மாட்டும்போது ஒரு விஷயத்தில் நம் ஊரில் எல்லோரும் சறுக்குகிறார்கள். அது திருகு வகை, நம் வீட்டு ஹோல்டர்கள் குத்தித் திருப்பும் வகை. உடனே பத்து இருபது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வாங்கிச் சொருகிவிடுவார்கள். செராமிக்கின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு நொறுங்கும், பிறகு ஹீட்டர் பாம்பின் மேல் விழும். திருகு வகையிலேயே பீங்கான் ஹோல்டர் கிடைக்கிறது, அதுதான் வேண்டும். ஒயரும் சிலிக்கான் அல்லது கண்ணாடி இழை உறை போட்டதாக இருக்கட்டும், இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் ஒயரே கிடைத்தாலும் சரி. பக்கப் பலகைக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, மேலே கூரைப் பலகையில் ஒரு அலுமினியத் தகடு, சுற்றிலும் பாம்பின் தலை நுழையாத கம்பிக் கூண்டு. கூண்டில்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

"ஹீட்டர் நிற்காமல் ஓடுகிறது, ஆனாலும் 26ஐத் தாண்டவில்லை"

இதற்குத்தான் அதிகம் போன் வருகிறது, இதில்தான் எல்லோரும் அவசரப்பட்டுப் பெரிய ஹீட்டருக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலில் வோல்டேஜ் பாருங்கள். ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கீசரும் அடுப்பும் ஓடும்போது மல்டிமீட்டரைப் பிளக்கில் வையுங்கள். எங்கள் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் 180 காட்டும். 230க்குச் செய்த 100 வாட் ஹீட்டர் 180இல் சுமார் 61 வாட்தான் தரும், ஏனென்றால் வோல்டேஜ் குறையும்போது சூடு அதன் வர்க்கத்தில் குறைகிறது. பகலில் சரியாக இருந்து சாயங்காலம் மட்டும் இறங்குகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஒரு சின்ன ஸ்டெபிலைசர், டிவிக்கு வைப்பது போதும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் அப்புறம்தான் கணக்கு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 18 மில்லிமீட்டர் பிளைவுட், முன்னால் நகரும் கண்ணாடி, இதுதான் என் பெட்டி. அறை 12 டிகிரி, உள்ளே சராசரி 27 வேண்டும் என்றால் சுவரும் கண்ணாடியும் சேர்ந்து தோராயமாக 150 வாட் சூட்டை வெளியே விடுகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் இதே பெட்டிக்கு 100 வாட் போதும் என்று சொல்வது அவர்கள் அறை 20 டிகிரியில் இருப்பதால். நம் மலையில் அறைக்கு ஹீட்டர் கிடையாது, அந்த 8 டிகிரியையும் பெட்டி ஹீட்டர்தான் தூக்க வேண்டும்.

நான் 150 வாட் வாங்கவில்லை. பெட்டியின் பின்னால், இரண்டு பக்கம், மேலே, அடியில் என்று வெளிப்புறமாக ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டினேன், ராத்திரி முன் கண்ணாடிக்கு ஒரு தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வைக்கிறேன். தெர்மாகோல் மட்டுமே இழப்பைக் கிட்டத்தட்ட பாதி குறைத்துவிடுகிறது, சாய்த்த பலகை இன்னும் கொஞ்சம் குறைக்கும். இப்போது 100 வாட்டே விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. தெர்மாகோலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டாதீர்கள், ஹீட்டர் பக்கத்தில் உருகும், பாம்பும் நோண்டும். காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். கரண்டு பில்லும் இறங்கியது, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி வேறு. பெரிய ஹீட்டர் இருந்து தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் பெட்டி பாம்பைக் கொன்றுவிடும் சூட்டுக்குப் போகும், சின்ன ஹீட்டருக்கு அவ்வளவு சீக்கிரம் ஏற்றும் வலுவில்லை.

"பாம்பு எப்போதும் ஒரே மூலையில் கிடக்கிறது"

எந்த மூலை என்பதில்தான் பதில். ஹீட்டருக்கு நேர் கீழேயே நாள் முழுக்க என்றால் மற்ற இடம் குளிர்கிறது. குளிர்ந்த பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, மூக்கால் இடைவெளியைத் தேடி முட்டுகிறது என்றால் பெட்டி முழுக்கச் சுடுகிறது. இரண்டாவதற்கு வழக்கமான காரணம் ஹீட்டரைப் பெட்டியின் நடுவில் மாட்டியிருப்பது. மரம் சூட்டைத் தேக்குவதால் நடுவில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் எல்லாப் பக்கமும் ஒரே சூடாகிவிடும், பாம்புக்குத் தேர்ந்தெடுக்க இடமே இருக்காது. ஒரு ஓரத்துக்கு மாற்றுங்கள், அந்த ஓரத்தில் மேலே ஒரு காற்றுத் துளை வரிசை, எதிர் ஓரத்தில் கீழே ஒரு வரிசை. சூடான காற்று மேலே ஏறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழே உள்ளே வரும், பெட்டி தானாக மூச்சுவிடும். இரண்டடிக்கும் குறைவான பெட்டியில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவே முடியாது, அங்கே பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒளிய இடம் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் குளிர்ந்தாலும் சுட்டாலும் பயத்தில் அங்கேயே கிடக்கும், நீங்கள் சூட்டின் மேல் பழியைப் போடுவீர்கள்.

"தெர்மோஸ்டாட் 31 காட்டுகிறது, உள்ளே கை வைத்தால் அனல்"

ஹீட்டரை உடனே அணைத்துவிட்டு மேலே படியுங்கள். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி, சென்சார் ஒயரை இழுத்து, அது குளிர்ந்த பக்கத்திலோ ஈரத்திலோ விழுந்திருக்கும். தெர்மோஸ்டாட் பாவம், தன் சென்சார் இருக்கும் இடத்தைத்தான் அதற்குத் தெரியும், அங்கே குளிர்கிறது என்று ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். சென்சாரைப் பலகையில் ஒயர் கிளிப் அடித்துப் பாம்பின் உடம்பு உயரத்தில் கட்டுங்கள். பெட்டிக்குள் செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அது பாம்பின் செதிலில் ஒட்டித் தோலோடு வரும்.

சென்சார் சரியான இடத்திலேயே இருந்தால் ரிலே, அதாவது தெர்மோஸ்டாட்டுக்குள் கரண்டைச் சேர்த்து வெட்டும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருக்கலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் போடும் எஸ்டிசி-1000 என்ற தெர்மோஸ்டாட்டைத்தான் வைக்கிறார்கள். மலிவு, செராமிக்குக்கும் பேனலுக்கும் பரவாயில்லை, நானும் அதில்தான் தொடங்கினேன். அதன் ரிலே ஆயிரக்கணக்கான தடவை டக் டக் என்று விழுந்து எழுந்து, ஒரு நாள் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது திரையில் எல்லாம் சரியாக இருக்கும், ஹீட்டர் மட்டும் நிற்காது. அதனால் இரண்டாவதாக இன்னொரு தெர்மோஸ்டாட்டை அதே லைனில் தொடராகப் போட்டு, அதை 35இல் வெட்டும்படி வைத்திருக்கிறேன். முதலாவது சிக்கினாலும் இரண்டாவது வெட்டிவிடும். சில நூறு ரூபாய் வேலை, தயவுசெய்து செய்யுங்கள். ஹாலஜனுக்கு இந்த ரிலே வகை ஆகாது, அதற்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் வேண்டும்.

வயிற்றுச் செதில் சிவந்தோ, பழுப்பாகவோ, நீர் கோத்தோ இருந்தால் அது சூட்டுக்காயம். பாம்பு சுடுகிறது என்று உடனே விலகாது, காலத்துக்கும் அப்படித்தான், கீழிருந்து வரும் சூட்டை உணர்ந்து தப்பிக்கும் புத்தி அதற்குக் குறைவு. சாதாரணத் தண்ணீரில் ஆழமில்லாமல் சிறிது நேரம் வைத்து, மண் தேங்காய் நார் எதுவும் இல்லாமல் சுத்தமான பேப்பரில் விட்டு, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். எங்களுக்குத் திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி, கூடலூர்க்காரர்களுக்கு வயநாட்டில் பூக்கோடு கால்நடைக் கல்லூரி. தூரம்தான், ஆனால் காயத்தில் சீழ் வைத்துவிட்டால் அந்தத் தூரத்தை நாலு தடவை போக வேண்டியிருக்கும்.

"இரையைக் கக்கிவிட்டது", "மூக்கில் குமிழி வருகிறது"

இரண்டும் வேறு வேறு நோய்தான், ஆனால் மலையில் இரண்டுக்கும் வாசல் குளிர். பாம்புக்கு உடம்புச் சூடு தானாக வராது, வெளிச் சூட்டில்தான் செரிமானம் நடக்கும். எலியை விழுங்கிய ராத்திரி கரண்டு போய்ப் பெட்டி 20க்கு இறங்கினால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும், இரண்டு மூன்று நாளில் நாற்றத்தோடு வெளியே வரும். வந்துவிட்டால் பயத்தில் உடனே அடுத்த எலியைக் கொடுக்காதீர்கள். பத்திலிருந்து பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு, தண்ணீர் மட்டும், அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு இரை. குளிர்காலத்தில் பால் பைதான் சில வாரம் சாப்பிடாமலே இருப்பது அதன் சுபாவம், எடை இறங்காதவரை அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூச்சுவிடும்போது விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு, மூக்கிலோ வாய் ஓரத்திலோ எச்சில் குமிழி, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இதில் எது இருந்தாலும் அன்றே கிளம்புங்கள். போகும்வரை பெட்டியை அதன் அளவின் மேல் எல்லையில், ராத்திரி இறக்கம் இல்லாமல் வையுங்கள். ஆவி பிடிப்பது, தைலம் தடவுவது எல்லாம் மனுசனுக்கு, பாம்பின் நுரையீரல் அதைத் தாங்காது. ஜூன், ஜூலை மழையில் எங்கள் பக்கம் துணிகூட வாரக்கணக்கில் காயாது. அந்த ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால்தான் இந்தச் சளி அதிகம் வருகிறது. ஈரம் மட்டும் என்றால் பாம்பு தாங்கும், ஈரமும் 22 டிகிரியும் சேர்ந்தால் தாங்காது. மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக்கி, தரையில் பரப்பிய தேங்காய் நாரை வாரம் ஒருமுறை மாற்றி, ஹீட்டர் சூட்டை ஒரு டிகிரி ஏற்றிவிடுகிறேன்.

"சட்டை துண்டு துண்டாக வருகிறது"

இது நேர் எதிர். ஜனவரி, பிப்ரவரியில் மலைக்காற்று காய்ந்து வீசும், அதன் மேல் செராமிக்கும் பெட்டிக்காற்றை உலர்த்தும். பால் பைதானுக்கு ஈரப்பதம் 60க்கு மேல் வேண்டும், கார்ன் ஸ்னேக்குக்கு 40லிருந்து 60. கண் பால்போல மங்கியதும் தயாராகுங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்குத் துளை வெட்டி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை நிரப்பி, சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையே வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி ஹீட்டர் பக்கம் நகர்த்துங்கள். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிப்பது மரத்துக்கு ஆகாது. ஓரங்களில் சிலிக்கான் பூசாத பிளைவுட் ஆறு மாதத்தில் அடுக்கடுக்காகப் பிரியும், பார்ட்டிகிள் போர்டு என்றால் ஊதிக் கஞ்சியாகிவிடும்.

கண்ணில் சட்டை ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கண்ணே கெட்டுப்போகும். ஈரத் துணி போட்ட டப்பாவில் 28, 29 டிகிரியில் அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் அடுத்த நாள் தானாக வரும், வராவிட்டால் அடுத்த சட்டைவரை பொறுக்கலாம்.

"சூடானால் பெயிண்ட் வாடை வருகிறது"

புதுப் பெட்டி என்றால் வார்னிஷ் காயவில்லை, மட்டமான பிளைவுட் என்றால் பசை. பாம்பை வெளியே எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, ஹீட்டரை இரண்டு வாரம் ஓட்டுங்கள், வாடை துளியும் இல்லை என்று ஆன பிறகு உள்ளே விடலாம். எனக்குப் பெட்டி செய்த ஆசாரி அண்ணன் முதலிலேயே கேட்டார், "தம்பி, இது உயிருக்கு வீடா, சாமானுக்கு வீடா? உயிருக்குன்னா ஐஎஸ் 710 பலகை எடுத்துட்டு வா, வெறும் கமர்ஷியல் பலகையில நான் செய்ய மாட்டேன்." அது தண்ணீரைத் தாங்கும் வகை, அன்று கூடுதலாகக் கொடுத்த காசு இன்றுவரை உழைக்கிறது. தேவதாரு மாதிரி மணக்கும் மரம் பாம்புக்கு ஆகவே ஆகாது, சூடு பட்டால் அதன் எண்ணெய் ஆவியாகி மூச்சைக் கெடுக்கும். பழைய பெட்டியில் திடீரென்று கருகல் வாடை வந்தால் ஹோல்டரையும் கூரைத் தகட்டையும் கழற்றிப் பாருங்கள், பலகையில் பழுப்பு விழுந்திருந்தால் ஹீட்டரை இன்னும் கீழே இறக்க வேண்டும்.

"கீழே போடியில் இருக்கிறேன், ஏப்ரலில் பெட்டி 36 போகிறது"

ஹீட்டரை அணையுங்கள், அவ்வளவுதான். அறையே 34 இருக்கும்போது மரப்பெட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியைத் தரைக்கு இறக்கி, வெயில் படும் சுவரை விட்டு நகர்த்தி, ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றிக் கூரையின் மேல் வையுங்கள். 35க்கு மேல் நீடித்தால் குளிரைவிட வேகமாகப் பாம்பு செத்துப்போகும்.

"கரண்டு போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியாது"

ஜூலையில் மரம் சாய்ந்தால் எங்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட வராது. இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை, 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 100 வாட் ஹீட்டரை மட்டும் வைத்துப் பத்து மணி நேரம்போல ஓட்டலாம். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் டிம்மிங் தெர்மோஸ்டாட் தாறுமாறாக நடந்துகொள்ளும், ரிலே வகைக்குப் பிரச்சனை இல்லை.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் அடுப்பில் தண்ணீர் வையுங்கள். கொதிக்கவிட வேண்டாம், 55 டிகிரி போதும், கையை ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. ஒரு லிட்டர் போத்தலில் ஊற்றி, இறுக மூடி, கவிழ்த்து ஒழுகவில்லை என்று பார்த்து, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாம்பு ஒளியும் இடத்துக்கு வெளிப்பக்கம் வையுங்கள். அப்படி ஒரு போத்தல் ஆறி முடிவதற்குள் தரும் சூடு, 30 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமம். மூன்று போத்தல் வைத்து, பெட்டி முழுக்கக் கம்பளி போர்த்தி, காற்றுத் துளைப் பக்கம் மட்டும் திறந்து விட்டால் என் பெட்டி ராத்திரி 24ஐ விட்டு இறங்குவதில்லை, ஆனால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போத்தல் மாற்ற வேண்டும். என் அம்மாவும் நானும் மாறி மாறி எழுந்திருக்கிறோம். பாம்பென்றால் முற்றத்துக்கே வராத அம்மா, அந்த இருட்டில் போத்தலைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "டேய், அதுக்குக் குளிருதாடா?" என்று கேட்டார். கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள், புகை தெரியாவிட்டாலும் அந்த வாயு பாம்போடு உங்களையும் சேர்த்துக் கொல்லும்.

அன்றைக்கு இரை கொடுத்திருந்தால் பெட்டியைத் திறந்து தொடவே தொடாதீர்கள், போத்தலை மட்டும் மாற்றுங்கள். கரண்டு வந்ததும் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததா, தெர்மோஸ்டாட் நீங்கள் வைத்த எண்ணையே காட்டுகிறதா, சென்சார் கிளிப்பில் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போத்தல்களை வெளியே எடுத்து, கம்பளியை உருவிவிட்டு அப்புறம் படுங்கள். கம்பளி பெட்டி மேல் இருக்க, ஹீட்டர் முழு வேகத்தில் ஓடக்கூடாது.